ஓய்வுபெற்ற வானூர்திகள்

ஏற்காட்டு மலையிலும் கொல்லிமலையிலும் வெட்டியெடுக்கப்பட்ட செந்நிறப் பாக்சைட்டுக் கனிமம் ஒரு காலத்தில் மேட்டூர் ஆலைக்குச் சென்று அலுமினியமாக மாறியது. சேலம், நாமக்கல் சமவெளியில் வாழ்வோர் அவ்வுலோகத்தைச் சோற்றுப் பானையாகவும் பேருந்தின் பக்கத் தகடாகவும் நன்கறிவர். வானூர்தியின் உடலும் பெரும்பகுதி அதே உலோகத்தால் ஆனதே. பானை நசுங்கினால் பழைய பாத்திரம் வாங்குபவரிடம் எடைக்குப் போடப்படும். பறக்கும் காலம் முடிந்த வானூர்திக்கும் பெரும்பாலும் அதே கதிதான். உடைத்து, உருக்கி, மீண்டும் தகடாக்கிவிடுவர். அந்த உலைக்குத் தப்பி நிற்பவை மிகச் சிலவே.

தப்பாமற்போனவற்றுள் ஒன்று தமிழகத்துக்கே உரியது. சென்னையில் விடுதி நடத்திவந்த கார்சிகாத் தீவினரான டி ஏஞ்சலிஸ் என்பவர், 1910ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், தாமே வடிவமைத்த வானூர்தியைப் பல்லாவரத்தில் பறக்கவிட்டார். அதைக் கட்டிக்கொடுத்தது குதிரை வண்டிகள் செய்வதில் பெயர்பெற்ற சிம்ப்சன் நிறுவனம். ரைட் உடன்பிறப்புகள் முதன்முதலாகப் பறந்து அப்போது ஏழாண்டுகள்கூட நிறைவுபெறவில்லை. லாரிகளுக்கு உடல் கட்டும் நாமக்கல், திருச்செங்கோட்டுப் பட்டறைகளைக் கண்டவருக்கு இச்செய்தி பெருவியப்பைத் தராது. மரமும் தகடும் பழகிய கைகளுக்கு எந்த ஊர்தியும் வசப்படும். ஆனால் அவ்வூர்தியைக் காத்துவைக்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. பறந்தது என்னும் செய்தி எஞ்சியது. பறந்த பொருள் எஞ்சவில்லை. அதன் இறக்கை எவ்வளவு வளைந்திருந்தது, சட்டங்கள் எவ்வாறு பிணைக்கப்பட்டிருந்தன என்று வினவுவோர் தொட்டுப் பார்த்து விடை காண ஒரு மரத்துண்டும் இல்லை.

இதற்கு நேர்மாறானது லிபரேட்டர் குண்டுவீச்சு வானூர்தியின் வரலாறு. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் 18,000க்கும் மேற்பட்ட லிபரேட்டர்கள் கட்டப்பட்டன. போர் முடிந்ததும் அவற்றுள் மிகப் பெரும்பாலானவை உடைக்கப்பட்டன. இந்தியாவில் இருந்தவை கான்பூரில் குவிக்கப்பட்டு, எவரும் மீண்டும் பயன்படுத்தாதபடி சேதப்படுத்திக் கைவிடப்பட்டன. விடுதலை பெற்ற இந்தியாவிடம் கனரகக் குண்டுவீச்சு வானூர்திகள் இல்லை. வாங்கப் பணமும் போதவில்லை. பெங்களூரு இந்துஸ்தான் வானூர்தி நிறுவனத்தின் தொழிலாளர்கள் 1948 முதல் அந்தக் குப்பையிலிருந்து ஒன்றன் உறுப்பை மற்றொன்றில் பொருத்தி, நாற்பதுக்கும் மேற்பட்ட லிபரேட்டர்களை உயிர்ப்பித்தனர். அவை 1968 வரை இந்திய வான்படையில் பணியாற்றின. அதற்குள் உலகின் பிற நாடுகளில் அவ்வகை ஏறக்குறைய அழிந்துபோயிருந்தது. பிரிட்டன், கனடா, அமெரிக்கா ஆகிய நாடுகளின் அருங்காட்சியகங்கள் தங்கள் வரலாற்றுச் சின்னத்தைத் தேடி இந்தியாவுக்கே வந்தன. இன்று உலகில் முழுமையாக எஞ்சியிருக்கும் லிபரேட்டர்கள் இருபதைத் தாண்டா. அவற்றுள் பல இந்தியாவிலிருந்து சென்றவை. ஒன்று தில்லி பாலத்தில் உள்ள வான்படை அருங்காட்சியகத்தில் நிற்கிறது. பழம்பொருளைக் காக்க வேண்டும் என்னும் எண்ணத்தால் அவை பிழைக்கவில்லை; வறுமையால் பிழைத்தன என்பதே உண்மை.

பாலத்தில் நிற்கும் வாப்பிட்டியும் குறிப்பிடத்தக்கது. 1933 ஏப்ரல் 1ஆம் நாள் இந்திய வான்படையின் முதற்பிரிவு நான்கு வாப்பிட்டிகளைக் கொண்டே தொடங்கப்பட்டது. அவ்வகையில் உலகில் எஞ்சியிருப்பது இந்த ஒன்றே என்பர்.

உலைக்குத் தப்பிய ஊர்தி காலத்துக்கும் தப்ப வேண்டும். தூய அலுமினியம் மென்மையானது. பறக்கும் சுமையைத் தாங்காது. அதனுடன் சிறிதளவு செம்பு முதலியவற்றைக் கலந்து வலிமை கூட்டும் முறையை 1906இல் ஜெர்மானியரான ஆல்பிரட் வில்ம் கண்டறிந்தார். டியூராலுமின் எனப்படும் அக்கலவை வலிமையில் உயர்ந்தது. ஆனால் அரிப்புக்கு எளிதில் இரையாவது. ஆகவே அதன் இருபுறமும் தூய அலுமினியத்தை மெல்லிய படலமாகப் பொதித்துத் தகடு செய்தனர். வலிமை உள்ளிருக்கும் கலவையுடையது. காவல் மேலிருக்கும் படலத்துடையது. பழைய வானூர்தி பளபளக்க வேண்டும் என்று ஆர்வமிக்கோர் ஆண்டுதோறும் தேய்த்து மெருகேற்றும்போது தேய்ந்து போவது அந்தக் காவற்படலமே. மங்கிக் கிடப்பதைவிட மினுக்கப்படுவது சிலவேளை பெருந்தீங்கு. எஃகு ஆணி அலுமினியத் தகட்டைத் தொடும் இடத்தில் ஈரம் சேர்ந்தால் தகடு விரைந்து அரிக்கும். மழைநீர் தேங்கும் இடுக்கு, பறவை எச்சம், கதிரவனால் வெடிக்கும் சக்கர ரப்பர் எனப் பகை பலவுண்டு. பழைய அளவிகள் சிலவற்றில் இருளில் ஒளிர்வதற்காக ரேடியம் கலந்த வண்ணம் பூசப்பட்டிருப்பதால், அவற்றைத் திறப்போர் தம்மையும் காத்துக்கொள்ள வேண்டும்.

இப்பகைகளுள் கொடியது உப்புக்காற்று. இந்தியக் கடற்படையின் டி.யு. 142 என்னும் நெடுந்தூரக் கண்காணிப்பு வானூர்திகள் அரக்கோணம் இராஜாளித் தளத்திலிருந்து பணியாற்றி, 2017 மார்ச்சு 29 அன்று ஓய்வுபெற்றன. அவற்றுள் ஒன்று விசாகப்பட்டினக் கடற்கரைச் சாலையில் அருங்காட்சியகமாக்கப்பட்டு, அதே ஆண்டு திசம்பரில் திறக்கப்பட்டது. உள்ளே ஏறிச் சென்று காணும் வாய்ப்பு மக்களுக்கு அங்குக் கிட்டியது. ஆனால் அலையோசை கேட்கும் தொலைவில் நிற்கும் உலோக உடலுக்கு ஓய்வு எளிதன்று. சேலம் போன்ற உள்நாட்டு ஊரில் நின்றிருந்தால் அதன் பராமரிப்புச் சுமை குறைந்திருக்கும்; காணவரும் கூட்டமும் குறைந்திருக்கும்.

நிறுத்திக் காப்பதா, பறக்கவிட்டுக் காப்பதா என்பது இத்துறையில் தீராத வழக்கு. 1947 அக்டோபர் 27 அன்று சீக்கியப் படைப்பிரிவின் வீரர்களுடன் சிறீநகரில் முதலில் இறங்கிய டகோட்டாவின் எண் வி.பி. 905. அதே எண்ணைத் தாங்கிய வேறொரு டகோட்டா, இங்கிலாந்தில் செப்பனிடப்பட்டு, ‘பரசுராமா’ என்னும் பெயருடன் 2018இல் இந்தியாவுக்குப் பறந்து வந்தது. டகோட்டா விமானியின் மகனான இராஜீவ் சந்திரசேகர் அதை வான்படைக்கு வழங்கினார். 2024 அக்டோபர் 6 அன்று சென்னை மெரினாவில் நடந்த வான்காட்சியில் ஆர்வர்டு பயிற்சி வானூர்தியும் டகோட்டாவும் பறந்தன. இரு பொறிகளின் முழக்கத்தைக் காதாற் கேட்பது கண்ணாடிக் கூண்டருகே நின்று பார்ப்பதற்கு ஈடாகாது என்பதை மறுக்கவியலாது.

எனினும் பறப்பதற்கு விலையுண்டு. பறக்கத் தகுதியாக்கும்போது பழைய ஆணியும் தகடும் கம்பியும் புதியவற்றுக்கு இடம் தருகின்றன. எந்த அளவுக்குப் பின் அது பழைய ஊர்தியாகாது என்பதற்கு எல்லைக்கோடு இல்லை. மேலும், இந்தியாவிலிருந்து சென்ற ஒரு லிபரேட்டரை அமெரிக்கக் காலிங்ஸ் அறக்கட்டளை மீண்டும் பறக்கச் செய்திருந்தது. அதே அறக்கட்டளையின் பி 17 வானூர்தி 2019 அக்டோபர் 2 அன்று விழுந்து நொறுங்கியதில் எழுவர் மாண்டனர். 2022 நவம்பரில் டல்லாஸ் வான்காட்சியில் இரு பழைய வானூர்திகள் மோதி அறுவர் இறந்தனர். உயிர்களோடு, மீண்டும் செய்யவியலாத ஊர்திகளும் அழிந்தன. ஒரே வகையில் பல எஞ்சியிருப்பின் ஒன்றைப் பறக்கவிடலாம். பாலத்து வாப்பிட்டியைப் போல் ஒன்றே எஞ்சியிருப்பின் அது தரையில் நிற்பதே முறை.

தரையில் நிற்பதும் வீணன்று. குரோம்பேட்டையில் உள்ள சென்னைத் தொழில்நுட்ப நிறுவனத்தில், வானூர்தியின் உறுப்புகளை விளக்குவதற்காக ஓய்வுபெற்ற இரு வானூர்திகள் வைக்கப்பட்டிருந்தன. 1950களில் இராமேசுவரத்திலிருந்து படிக்க வந்த மாணவர் ஒருவர், மற்ற மாணவர்கள் விடுதிக்குத் திரும்பிய பின்னும் அவற்றின் அருகே நெடுநேரம் அமர்ந்திருப்பார். முதலாண்டு முடிந்து சிறப்புப் பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் வேளை வந்தபோது அவர் வானூர்திப் பொறியியலை எடுத்தார். அம்மாணவர் ஆ. ப. ஜெ. அப்துல் கலாம்.