சூளை வேலையும் லித்தியம் மாத்திரையும்

"இப்போ பரவாயில்லை, மாத்திரையை மட்டும் விட்டுடாதீங்க" என்று மருத்துவர் சொல்லி அனுப்பிய பிறகுதான் பல வீடுகளில் சண்டையே ஆரம்பிக்கிறது. நான்கு நாள் தூங்காமல் ஓயாமல் பேசியதையும், கையிலிருந்த பணத்தை ஊருக்கு இறைத்ததையும் நோய் என்று எல்லாரும் ஒப்புக்கொள்கிறார்கள். பிறகு வாரக்கணக்கில் பாயைவிட்டு எழாமல் கிடந்ததையும் ஒருவழியாக நோய்க் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். இரண்டும் அடங்கி, ஆள் குளித்துச் சாப்பிட்டு வேலைக்குக் கிளம்பியபின் சொன்னதை மறந்தால், எண்ணிக்கையில் தடுமாறினால், அதற்கு வைக்கும் பெயர் வேறு: சோம்பேறித்தனம், திமிர், "மாத்திரை தின்னு மழுங்கிட்டான்".

பைபோலார் எனப்படும் இருதுருவ மனநிலைக் கோளாற்றில் அதிகம் பேசப்படாத பகுதி இதுதான். நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, பெரியவர்களில் சுமார் 200 பேருக்கு ஒருவர் வாழ்நாளில் இந்த நோயைச் சந்திக்கிறார். நோயுள்ளவர்களில் 70 சதவீதம் பேர் சிகிச்சையில் இல்லை.

அலை ஓய்ந்த நாட்களிலும் பலருக்குக் கவனம், கேட்டதை நினைவில் நிறுத்துவது, திட்டமிடுவது, யோசிக்கும் வேகம் ஆகியவற்றில் சிறிய அளவிலோ நடுத்தர அளவிலோ குறை தங்கிவிடுகிறது. எல்லாருக்கும் அல்ல, சிலருக்குத் துளியும் இருக்காது. அறிவு குறைந்துவிட்டது என்று இதற்குப் பொருளில்லை. மூளைப் படங்களை ஆராய்ந்தவர்கள் சொல்வது இது: உணர்ச்சியை எழுப்பும் அமிக்டலா என்ற பகுதி சிலநேரம் அளவுக்கு மீறி இயங்குகிறது, அதைக் கட்டுக்குள் வைக்கவேண்டிய முன்மூளைப் பகுதி போதிய அளவு இயங்குவதில்லை. பரிசு கிடைக்கப்போகிறது என்ற எதிர்பார்ப்பில் கிளர்ந்தெழும் பகுதிகளும் சற்று மிகையாகவே எழுகின்றன. 2018இல் வெளியான எனிக்மா என்ற பன்னாட்டு ஆய்வு 6,503 பேரின் எம்.ஆர்.ஐ. படங்களை ஒப்பிட்டது. அவர்களில் 2,447 பேர் இருதுருவ நோய் உள்ளவர்கள். அவர்களுடைய மூளையின் மேலுறை சில இடங்களில் சராசரியாகச் சற்று மெலிந்திருந்தது. லித்தியம் எடுத்துக்கொண்டவர்களிடம் அந்த மெலிவு குறைவாகவே இருந்தது.

சராசரி என்ற சொல்லை இங்கே கவனிக்க வேண்டும். ஒரு தனி ஆளின் தலையை ஸ்கேன் செய்து "உனக்கு பைபோலார்" என்று சொல்லும் கருவி இன்று உலகில் எங்கும் இல்லை. மூளைக்கட்டி, வலிப்பு போன்ற வேறு காரணங்களை விலக்குவதற்காக மருத்துவர் ஸ்கேன் கேட்கலாம். பைபோலாரைக் கண்டுபிடித்துத் தருகிறோம் என்று யாராவது ஆயிரக்கணக்கில் கேட்டால் கொடுக்காதீர்கள். நோயைக் கண்டறிவது பொறுமையான விசாரணை. அதில் குடும்பத்தார் சொல்லும் கதை ஸ்கேனைவிட முக்கியம். குறிப்பாக, மனச்சோர்வுக்கு மருந்து கேட்டுப் போகும்போது, முன்பு எப்போதோ தூக்கமே இல்லாமல் உற்சாகமாகத் திரிந்த நாட்கள் இருந்தால் அதையும் சொல்லிவிட வேண்டும். சோர்வுக்கான மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால் சிலருக்கு அது மிகை எழுச்சியில் (மேனியா) கொண்டுபோய் விட்டுவிடும்.

இந்தக் குறை வேலையில் எப்படித் தெரிகிறது என்று பார்க்க, இனி விருத்தாசலத்துக்கு வருவோம். இங்கே பீங்கான் தொழிற்பேட்டையிலும் சுற்றியுள்ள பட்டறைகளிலும் கொலு பொம்மையும் அகல் விளக்கும் மின்சார ஃபியூஸ் பீங்கானும் செய்கிறார்கள். அச்சில் குழம்பு ஊற்றுவது, பிசிறு எடுப்பது, மெருகுப் பூச்சில் முக்குவது, சூளையில் அடுக்குவது என எல்லாமே கை வேலை என்று வெளியாட்கள் நினைக்கலாம். நினைவாற்றலுக்கும் அதில் பெரும் பங்கு உண்டு. மேஸ்திரி நான்கு ஆர்டரை ஒரே மூச்சில் சொல்கிறார். இந்த நோயுள்ளவருக்கு இரண்டுதான் மனதில் நிற்கிறது. அதே நான்கையும் சீட்டில் எழுதிக் கொடுத்தால், ஒன்றை முடித்தபின் அடுத்ததைக் கொடுத்தால், அதே ஆள் நல்ல வேலைக்காரர். காசு செலவில்லாத ஏற்பாடு இது.

இந்தத் தொழிலாளிக்கு இன்னொரு ஆபத்து உண்டு. அதைப் பல மருந்துச் சீட்டுகள் சொல்வதில்லை. 1949இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் பயன்படுத்திக் காட்டிய லித்தியம், இன்றும் இந்த நோய்க்கு முதல் வரிசை மருந்து. தற்கொலை அபாயத்தைக் குறைப்பதில் அதற்கு இணையானவை குறைவு. ஆனால் பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. ரத்தத்தில் லிட்டருக்கு ஏறக்குறைய 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருந்தால் சரி, 1.5ஐத் தாண்டினால் ஆபத்து. சிறுநீரகம் லித்தியத்தைச் சோடியம் உப்பைப் போலவே நடத்துகிறது. சூளையடியில் நின்று வியர்த்து உப்பும் நீரும் வெளியேறினால், சிறுநீரகம் மிச்சமுள்ள உப்பைப் பிடித்து வைக்கும்; கூடவே லித்தியத்தையும் பிடித்து வைக்கும். அன்று மாலை உடம்புவலிக்கு மருந்துக்கடையில் ஐபுபுரூஃபனோ டைக்ளோஃபெனாக்கோ வாங்கிப் போட்டால் அளவு இன்னும் ஏறும். சில ரத்தக்கொதிப்பு மாத்திரைகளும் அப்படித்தான். சித்திரை வெயிலில், வயிற்றுப்போக்கு வந்த நாளில், இது மிகவும் கவனிக்க வேண்டியது.

கை நடுக்கம் திடீரெனக் கூடுதல், வாந்தி, தள்ளாட்டம், நாக்குக் குழறல், குழப்பம் ஆகியவை லித்தியம் நஞ்சேறியதன் அறிகுறிகள். பார்ப்பவர் கண்ணுக்கு நஞ்சேறியவர் குடித்துவிட்டு வந்தவர் போலத் தெரிவார். வீட்டுக்குத் துரத்திவிட்டால் உயிருக்கே ஆபத்து. அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். ஆனால் இதைப் படித்துப் பயந்து நன்றாக இருக்கும்போது மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் நோய் திரும்பும். அதுவும் பெரும்பாலும் மிகை எழுச்சியாகவே திரும்பும். தண்ணீரையும் உப்பையும் திடீரென்று குறைக்காமல் இருப்பதும், மருத்துவர் சொன்ன இடைவெளியில் ரத்த அளவு, சிறுநீரகம், தைராய்டு மூன்றையும் பார்ப்பதும் முக்கியம்.

அடுத்தது இரவுப் பணி. சூளை எரியும்போது யாராவது கண்விழித்தாக வேண்டும். தூக்கம் கெடுவது இந்த நோயைக் கிளப்பிவிடும் முக்கியக் காரணங்களில் ஒன்று. பகல் வேலை மட்டும் கேட்பது சலுகை அல்ல, சிகிச்சையின் பகுதி.

வேலையைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது? மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 மனநோயையும் 21 குறைபாடுகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. பணியில் இருக்கும்போது குறைபாடு வந்தது என்பதற்காக அரசு ஊழியரை நீக்கவோ பதவி இறக்கவோ முடியாது. இருதுருவ நோயுள்ள ஒருவர் டெல்லி நீதித்துறைப் பணித் தேர்வில் மாற்றுத்திறனாளி ஒதுக்கீட்டில் தேறினார். அவருடைய குறைபாடு நிரந்தரமானது அல்ல என்று நிராகரித்தார்கள். 2020இல் டெல்லி உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அவரை நியமிக்கச் சொன்னது. நீதிபதி நாற்காலிக்கே தடையில்லை என்றால் மற்ற வேலைகளுக்கு என்ன தடை?

தனியார் பட்டறைக்கு அந்த அளவு கடுமையான பாதுகாப்பு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அங்கே கைகொடுப்பது இ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீடு. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கினால் அது பொருந்தும். நீண்டகால நோய்களுக்கான அதன் பட்டியலில் இந்த நோய் பழைய மருத்துவப் பெயரில் இருக்கிறது. இரண்டு ஆண்டு தொடர்ந்து பணியில் இருந்து சந்தா நிபந்தனையும் நிறைவேறினால், வழக்கமான 91 நாள் நோய்க்கால உதவித்தொகைக்குப் பிறகு 80 சதவீத ஊதியம் கிடைக்கும். மொத்தம் இரண்டு ஆண்டுவரை நீட்டிக்கலாம். பத்துக்கும் குறைவான ஆட்களோடு நடக்கும் வீட்டுப் பட்டறைகளில் இது கட்டாயமில்லை. அது பெரிய ஓட்டை.

மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் குறையை எழுதிப் பிராது கட்டும் வழக்கம் இந்த வட்டாரத்தில் எல்லாரும் அறிந்தது. கட்டுங்கள், மாத்திரையும் தொடரட்டும். வழிபாட்டில் குற்றமில்லை, நோயாளியைச் சங்கிலியில் கட்டுவதில்தான் குற்றம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்தபோது, கட்டிவைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 எந்த வடிவிலும் சங்கிலியிடுவதைத் தடைசெய்கிறது. மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இல்லாமல் மின்னதிர்வுச் சிகிச்சை கொடுப்பதையும் தடைசெய்கிறது. அரசுச் செலவில் சிகிச்சை பெறுவது, நோய் விவரம் வெளியே போகாதிருப்பது, உடல் நோய்க்கு நிகராக மருத்துவக் காப்பீடு பெறுவது எல்லாம் அதே சட்டம் தரும் உரிமைகள். மனநோய் என்று மருத்துவர் எழுதியதாலேயே ஒருவர் சித்தம் பிறழ்ந்தவர் ஆகிவிடமாட்டார். அதை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும். பங்காளிச் சொத்துத் தகராறில் மருந்துச் சீட்டைக் காட்டி மிரட்டுகிறவர்களிடம் இதைச் சொல்லலாம்.

மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் எந்த நாளில் வருகிறார் என்று விருத்தாசலம் அரசு மருத்துவமனையில் கேட்டுக்கொள்ளுங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் நாளைவரை காத்திருக்க வேண்டாம்: டெலி மனஸ் உதவி எண் 14416, எந்நேரமும், கட்டணமின்றி. இலவசச் சட்ட உதவிக்கு 15100.

நன்றாக இருக்கும் நாளில் செய்யவேண்டிய ஒரு வேலை இருக்கிறது. அடுத்த முறை நோய் முற்றி முடிவெடுக்கும் நிலை இல்லாமல் போனால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், தனக்காகப் பேசப்போவது யார் என்று முன்கூட்டியே எழுதிவைக்க மனநலப் பராமரிப்புச் சட்டம் இடம் தருகிறது. இரண்டு சாட்சிகளோடு கையெழுத்திட வேண்டும். அவசரச் சிகிச்சையை அது தடுக்காது. லித்தியம் சாப்பிடுகிறவர் அதே தாளில் மாத்திரை அளவையும், கடைசி ரத்தப் பரிசோதனையின் எண்ணையும் தேதியையும் சேர்த்துக்கொள்ளட்டும். ஒரு நகல் வீட்டில், ஒரு நகல் வேலை செய்யும் இடத்தில் நம்பிக்கையான ஒருவரிடம்.