மூச்சை ஆளச் சொல்லிக்கொடுங்கள்

ரோட்டாஹேலர் என்ற கருவியில் போட்டு வாயால் உறிஞ்ச வேண்டிய கேப்சூலைத் தண்ணீர் குடித்து விழுங்கிவிட்டு, ‘மருந்து கேட்கவே இல்லை’ என்று திரும்பி வருகிறவர்கள் உண்டு. வயிற்றுக்குப் போன பொடி மூச்சுக்குழாய்க்கு என்ன செய்யும்? குறை நோயாளியிடம் இல்லை. சீட்டு எழுதிக் கொடுத்தவர்கள் உறிஞ்சிக் காட்டவில்லை.

‘இழுப்பு’, ‘வீசிங்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லப்படும் தொல்லைகளில் கடுமையானது சி.ஓ.பி.டி. என்ற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். தூத்துக்குடியில் அதற்குக் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. பீடி முதல் காரணம். நிலக்கரி இறங்கும் துறைமுகத்தில் தூசிக்குள்ளேயே வேலை பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். பீடியைத் தொட்டறியாத பெண்களுக்கும் சீமைக் கருவேல விறகடுப்பு இந்த நோயைத் தருகிறது. விளாத்திகுளம் பக்கம் கரிமூட்டம் போடுகிறவர்களின் நெஞ்சிலும் அதே மரத்தின் புகைதான்.

கெட்ட நுரையீரல் பழையபடி ஆகாது. ஆனால் மூச்சுத்திணறலைக் குறைக்க முடியும், அதில் பெரும்பங்கு நோயாளியின் கையில் இருக்கிறது. முதலில் பீடியை விட வேண்டும். அடுத்தது மருந்தை இழுக்கும் விதம். கேப்சூல் பொடியை வேகமாக, ஆழமாக உறிஞ்ச வேண்டும். பம்ப் என்றால் நேர்மாறு: குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, மெதுவாக இழுக்கத் தொடங்கும்போதே அழுத்தி, பத்து விநாடி அடக்க வேண்டும். ஸ்டீராய்டு கலந்த மருந்தென்றால் பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும். அழுத்துவதும் இழுப்பதும் ஒத்துவராத முதியவர்களுக்கு, பம்ப்புக்கும் வாய்க்கும் நடுவே பொருத்தும் ஸ்பேசர் தேவை. தென்னாப்பிரிக்காவில் அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் துளையிட்டு ஸ்பேசர் செய்து ஆஸ்துமா குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கடை ஸ்பேசருக்கு அது ஈடுகொடுத்தது என்று 1999-இல் ஆய்வு வெளியானது.

மாடிப்படியில் இரைத்தால் நின்று, மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து, இழுத்ததைவிட இரண்டு மடங்கு நேரம் ஊத வேண்டும். இந்த நோயில் காற்று உள்ளே போவதைவிட வெளியே வருவதுதான் சிக்கல். மெல்ல ஊதினால் குழாய்கள் மூடிக்கொள்ளாமல் உள்ளே தேங்கிய காற்று வெளியேறும். மூச்சு வாங்குகிறதே என்று நடையை நிறுத்துவதுதான் பெரிய கெடுதல். கால் தசை மெலிந்தால் இரைப்பு இன்னும் கூடும். காலையில் ரோச் பூங்காவில் நின்று நின்றாவது நடக்கலாம்.

சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால், அளவு கூடினால், இரைப்பு அதிகரித்தால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஒரு வாக்கியத்தை முடிக்கத் திணறினாலோ, பேச்சு குழறி மயக்கம் தட்டினாலோ உடனே 108. வீட்டில் ஆக்சிஜன் இருந்தால் தாமாகத் திருகிக் கூட்டக் கூடாது; இந்நோயாளிகளுக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 88 முதல் 92 சதவீதம் வரை இருந்தால் போதும் என்பதே பொதுவான கணக்கு.

இதையெல்லாம் தாளில் அச்சடித்துக் கொடுத்துவிட்டு, ‘இனி நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று அனுப்பிவிட முடியாது. சுய பராமரிப்புப் பயிற்சி பெற்றவர்கள் மருத்துவமனையில் சேர்வது குறைகிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினருக்கான 20 மருத்துவமனைகளில் நடந்த ஓர் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். பயிற்சி பெற்றவர்களில் 28 பேரும், வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களில் 10 பேரும் இறந்திருந்தார்கள். 2012-இல் முடிவு வெளியானபோதும் காரணம் பிடிபடவில்லை. என்னைப் பொறுத்தவரை இது பயிற்சியைக் கைவிடச் சொல்லவில்லை, கண்காணிப்பை விடாதே என்கிறது. 1961-இல் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்த கடல் நம் தூத்துக்குடிக் கடல். மூச்சடக்குவதில் கைதேர்ந்தவர்கள்கூட இங்கே தனியாக மூழ்கியதில்லை. படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார்.

இன்று அந்தக் கயிற்றைப் பிடிக்க ஆள் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையோடு வீட்டுக்கே வருகிறார்கள். பிசியோதெரபியும் அதில் உண்டு. திரேஸ்புரத்துக்கோ உப்பளத் தெருவுக்கோ மாத்திரை கொண்டுபோகும் அதே நடையில், வீட்டில் இரைப்புக்காரர் இருந்தால் பம்பை எடுத்துவரச் சொல்லி, கண்முன்னே இழுத்துக் காட்டச் சொல்லலாம், தவறினால் திருத்தலாம், சளியின் நிறத்தைக் கேட்கலாம். அந்தப் பயிற்சியை அவர்களுக்கு மாவட்ட சுகாதாரத் துறை வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே கொடுக்க வேண்டும்.