ஹஜர் மலையின் நீல ஊற்றுகள்

துபாயிலிருந்து புஜைராவுக்குப் போகும் சாலையில் மஸாஃபியை நெருங்கும்போது இருபுறமும் கரும்பழுப்பு மலைகள் எழும். புல்பூண்டு என்று பெயருக்குக்கூட எதுவும் கண்ணில் படாது. வார விடுமுறைக்கு ஹத்தா அணைக்கும் கொர்ஃபக்கான் கடற்கரைக்கும் கிளம்புகிற நம் ஆட்கள் அங்கே இறங்கி ஒரு செல்ஃபி எடுத்து, கடையில் மஸாஃபி தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். நிலவியல்காரர்களுக்கோ அது புண்ணியத் தலம். பல கிலோமீட்டர் ஆழத்தில், பூமியின் மேலோட்டுக்கும் கீழே கிடக்க வேண்டிய பாறை அது. சுமார் 9.5 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவான பழைய கடல்தரை, தனக்கு அடியிலிருந்த மேன்டில் பாறையையும் இழுத்துக்கொண்டு அரேபிய நிலத்தின்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. புஜைராவில் தொடங்கி ஓமனில் மஸ்கட்டையும் தாண்டி, ஏறத்தாழ 500 கி.மீ. நீளத்துக்குப் பரந்து கிடக்கிறது.

உயிர் முதன்முதலில் எங்கே தோன்றியது என்ற வழக்கில் இந்த மலை ஒரு முக்கியச் சாட்சி.

இந்தப் பாறையின் பெயர் பெரிடோடைட். அதில் உள்ள ஆலிவின் என்ற கனிமத்தின்மேல் தண்ணீர் பட்டால் கனிமம் மெல்ல மெல்லச் சர்ப்பென்டைனாக மாறும். அப்போது பாறையிலுள்ள இரும்பு, தண்ணீரிலுள்ள ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ள, ஹைட்ரஜன் மிஞ்சும். ஓமன் ஊற்றுகளில் இப்படி ஹைட்ரஜன் குமிழியிடுவதை நீல், ஸ்டேஞ்சர் என்ற இரு ஆய்வாளர்கள் 1983-இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். மழை என்றோ பெய்கிறது. அந்த நீர் பாறை வெடிப்புகளில் இறங்கி, நெடுங்காலம் உள்ளேயே கிடந்து, பிஹெச் 11-க்கும் மேற்பட்ட காரத்தோடு வெளியே வருகிறது. வாடி எனும் ஆற்றுப்படுகைகளின் ஓரங்களில் அந்த ஊற்றுகளை நிறத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். குட்டை பால் கலந்த நீலமாக இருக்கும்; சுற்றிலும் வெள்ளைச் சுண்ணாம்பு படிந்திருக்கும். நீரிலுள்ள கால்சியம் காற்றின் கார்பன் டை ஆக்சைடைச் சந்தித்ததும் நீர்ப்பரப்பில் மெல்லிய சுண்ணாம்புப் படலம் கட்டுகிறது, ஆறிய பாலில் ஏடு படிவதுபோல. விரலால் தொட்டால் உடைந்து அடியில் போய் உட்காரும்.

பார்க்க அழகுதான். இதில் உயிரின் தோற்றம் எங்கே வந்தது?

1980-களின் இறுதியிலிருந்தே மைக்கேல் ரஸ்ஸல் என்ற நிலவியலாளர் ஒரு கருத்தை வலியுறுத்திவந்தார். ஆதிக் கடலின் அடியில் இதே வேதிவினையால் காரநீர் ஊற்றுகள் இருந்திருக்க வேண்டும். அக்காலக் கடல்நீரோ கார்பன் டை ஆக்சைடு கரைந்து சற்றே அமிலமாக இருந்தது. இரண்டுக்கும் நடுவே நின்ற நுண்துளைக் கனிமச் சுவர்களே முதல் செல்களின் தொட்டில் என்றார். நம் உடம்பின் செல்கள் இன்றுவரை சவ்வின் இருபுறமும் புரோட்டான் வித்தியாசத்தை உண்டாக்கித்தான் பெரும்பகுதி ஆற்றலைப் பெறுகின்றன. அந்த வித்தியாசம் ஊற்றுச் சுவரில் இலவசமாகவே கிடைத்தது என்பது அவர் வாதம். 2000-இல் அட்லாண்டிக் கடலடியில் 'லாஸ்ட் சிட்டி' என்ற காரநீர் ஊற்றுக் கூட்டம் கண்டுபிடிக்கப்பட்டதும் அவர் கட்சிக்குப் பலம் கூடியது. உயிரியலாளர்கள் பில் மார்ட்டினும் நிக் லேனும் அதை முன்னெடுத்தார்கள்.

எதிர்க்கட்சி டார்வின் காலத்தது. 1871-இல் நண்பர் ஹூக்கருக்கு எழுதிய கடிதத்தில், வெதுவெதுப்பான சிறு குட்டை ஒன்றில் புரதம் உருவாகியிருக்கலாமோ என்று டார்வின் போகிறபோக்கில் குறிப்பிட்டார். 1920-களில் அறிவியலாளர்கள் ஓபரினும் ஹால்டேனும் 'ஆதிச் சாறு' யோசனையைத் தனித்தனியே வளர்த்தார்கள். பிற்காலத்தில் இந்தியக் குடிமகனாகி 1964-இல் புவனேஸ்வரத்தில் கண்மூடிய அதே ஹால்டேன்தான். இந்த மரபில் நமக்கு இன்னும் நெருக்கமானவர் இலங்கையின் காலி நகரில் பிறந்த சிரில் பொன்னம்பெருமா. சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்துவிட்டு வேதியியலுக்கு மாறி, நாசாவில் வேதிப்பரிணாம ஆய்வை நடத்தினார். 1969-இல் ஆஸ்திரேலியாவில் விழுந்த மர்ச்சிசன் விண்கல்லில் அமினோ அமிலங்கள் இருப்பதை 1970-இல் காட்டியது அவருடைய குழு. பூமியின் உயிர்கள் பெரும்பாலும் இடதுகை வடிவத்தையே பயன்படுத்தும். கல்லிலோ இடதும் வலதும் ஏறக்குறைய சரிபாதி. ஆகவே அது கைபட்ட கறையல்ல என்று அடித்துச் சொல்ல முடிந்தது.

குட்டைக் கட்சியின் வலுவான கேள்வி தண்ணீரைப் பற்றியது. ஆர்.என்.ஏ., புரதம் போன்ற நீண்ட சங்கிலிகள் கோக்கப்படும்போது ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு நீர் மூலக்கூறு வெளியேற வேண்டும். சுற்றிலும் கடலே நிற்கும்போது அது எப்படி நடக்கும்? நனைந்து காய்ந்து மீண்டும் நனையும் கரையில்தான் நடக்கும் என்கிறார்கள் ஆய்வாளர்கள் டேவிட் டீமரும் புரூஸ் டேமரும்.

நனைதலும் காய்தலும் வளைகுடாவுக்குப் புதிதா என்ன? அபுதாபிக்கு மேற்கே கடலோரமாகக் கிடக்கும் சப்கா எனும் உப்புச் சமவெளிக்கு அதுதான் அன்றாட வேலை. 1960-களிலேயே லண்டன் இம்பீரியல் கல்லூரிக்காரர்கள் இங்கே வந்து குழி தோண்டினார்கள். அலை ஏறி இறங்கும் இடங்களில் தோல்போல் தடித்த நுண்ணுயிர்ப் பாய்கள் விரிந்திருக்கும். கத்தியால் ஒரு துண்டை வெட்டி எடுத்தால் மேலே பச்சை, அதன் கீழே ஊதா கலந்த சிவப்பு, அடியில் கறுப்பு. கூடவே கந்தக வாடை. 350 கோடி ஆண்டு பழைய ஆஸ்திரேலியப் பாறைகளின் அடுக்குக் கோலத்தைப் புரிந்துகொள்ள இந்தப் பாய்கள் உதவுகின்றன. ஆனால் ஆதிப் பாய்களை ஒத்த உயிர் இங்கே வாழ்கிறது என்பதால் உயிர் இதுபோன்ற உப்பு மண்ணில் பிறந்தது என்று ஆகிவிடாது. உப்பு மிகுந்தால் எளிய கொழுப்புச் சவ்வுகள் சிதையும். நன்னீர் வெந்நீரூற்றுதான் வேண்டும் என்று டீமரே சொல்கிறார்.

இதே எச்சரிக்கை மலைக்கும் பொருந்தும். 2016 முதல் 2018 வரை ஓமன் துளையிடல் திட்டத்தில் நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டுப் பாறைத்தண்டுகளை எடுத்தார்கள். பல தண்டுகள் ஜப்பானின் சிக்யு கப்பலுக்குப் போய் அங்கே அங்குலம் அங்குலமாகப் பதிவாயின. கொலராடோ பல்கலைக்கழகத்தின் அலெக்ஸிஸ் டெம்பிள்டன் குழுவினர் அந்தப் பாறையிலும் கிணற்று நீரிலும் ஹைட்ரஜனை உண்டு வாழும் நுண்ணுயிர்களைத் தேடினார்கள். கிடைத்தன, மீத்தேன் உண்டாக்குபவையும் அவற்றில் உண்டு. ஆனால் அவை ஆதிவாசிகள் இல்லை. நெடும் பரிணாமத்தின் கருவிகளையெல்லாம் கையில் வைத்துக்கொண்டு பிற்பாடு குடியேறியவை. சூரிய ஒளி இல்லாமல் பாறையை நம்பிப் பிழைக்கலாம் என்பதற்கு அவை சாட்சி. பாறையில்தான் பிறந்தோம் என்பதற்குச் சாட்சி சொல்ல அவற்றால் ஆகாது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது இன்னொரு செய்தி. மிகக் காரமான ஆழ்நீரில் ஹைட்ரஜன் தாராளம், கார்பனுக்குத்தான் பஞ்சம். அது பெரும்பாலும் சுண்ணாம்பாகப் பாறையில் பூட்டப்பட்டுவிடுகிறது. அங்கே உயிர் தட்டித் தடுமாறித்தான் காலம் தள்ளுகிறது. கார்பன் கரைந்த நீர் காரநீரோடு கலக்கும் இடங்களில் நுண்ணுயிர் வகை பெருகுகிறது. குட்டையா கடலடியா என்று முகவரிக்காகச் சண்டை போடும் இரு தரப்பும் இந்த எல்லைக்கோட்டைத்தான் முதலில் கவனிக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. ரஸ்ஸலின் சுவரும் ஓர் எல்லைதான், டீமரின் கரையும் ஓர் எல்லைதான். 2020-இல் மார்ட்டின் குழு, ஹைட்ரஜனையும் கார்பன் டை ஆக்சைடையும் நீரில் இரும்புக் கனிமங்களோடு சேர்த்து 100 டிகிரியில் வைத்து ஃபார்மேட், அசிட்டேட், பைருவேட் ஆகியவற்றைப் பெற்றது. இவை நம் செல்களின் வேதியியலில் அன்றாடம் புழங்குபவை. ஆனால் அங்கிருந்து ஆர்.என்.ஏ.வுக்கு இன்னும் யாரும் பாலம் போடவில்லை. குட்டைக்காரர்கள் ஆர்.என்.ஏ.வின் பகுதிகளைச் செய்து காட்டுகிறார்கள். அதற்கான மூலப்பொருளைச் சோதனைச்சாலை அலமாரியிலிருந்து எடுத்துத் தருகிறார்கள்.

இதற்கிடையே மலைக்குப் புது விருந்தாளி வந்திருக்கிறார். ஓமனின் '44.01' நிறுவனம், கடல்நீரில் கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துப் புஜைராவின் பெரிடோடைட்டுக்குள் செலுத்திக் கல்லாக்குகிறது. பருவநிலை மாற்றத்துக்கு மருந்தாக 2022-இல் எர்த்ஷாட் பரிசும் பெற்றது. கார்பனுக்கு ஏங்கிக் கிடக்கும் நீர் உள்ள பாறைக்குள் கார்பனைக் குழாய் வழியே இறக்குகிறார்கள். செலுத்தும் துளைக்குப் பக்கத்திலேயே நுண்ணுயிரியல் மாதிரிகளையும் எடுத்தால், இப்படியோர் இயற்கைச் சோதனையை எந்த ஆய்வகமும் காசு கொடுத்து வாங்க முடியாது.