மூணாற்றுப் பெண்களும் சங்க நாற்காலியும்

தொழிற்சங்கத்தில் பெண்களுக்கு இடமுண்டா என ஆராய்வோர் உறுப்பினர் பட்டியலோடு நின்றுவிடலாகாது. ஊதியப் பேச்சில் அமர்வோர் யாவர் என்றும் நோக்குதல் வேண்டும். பால்மரம் வெட்டிய பாட்டிமாரை அறிந்த நமக்குக் கேரளத்து மூணாறு அயலானதன்று.

அங்குத் தேயிலைக் கொழுந்து பறிப்போர் பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். சங்கத்திற்குச் சந்தா செலுத்தினர். தலைமையிலோ ஆண்களே இருந்தனர். 2015 செப்டம்பரில் போனஸ் 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டதும், அப்பெண்கள் ஆயிரக்கணக்கில் சாலையில் அமர்ந்தனர். ஆதரவு தெரிவிக்க வந்த சங்கத் தலைவர்களை அண்டவிடவில்லை. தம் கூட்டத்திற்குப் 'பொம்பிளை ஒருமை' எனப் பெயரிட்டனர். இலக்கண வகுப்பில் பன்மைக்கு எதிராக நாம் கற்பிக்கும் ஒருமை, அச்சாலையில் பலர் ஒன்றாதலைக் குறித்தது; ஆசிரியர்கள் இதனை வகுப்பில் எடுத்துக்காட்டலாம்.

ஒன்பது நாள்களில் 20 விழுக்காடு கிட்டியது: 8.33 போனஸாக, எஞ்சிய 11.67 கருணைத்தொகையாக. முதலமைச்சர் கூட்டிய பேச்சில் பெண்களே தமக்காகப் பேசினர்.

நாட்கூலியோ வேறு கதை. ரூ. 232 பெற்றவர்கள் ரூ. 500 கேட்டனர்; அவ்வாண்டு அக்டோபரில் முடிவானது ரூ. 301. கூலியை முடிவு செய்வது தோட்ட முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் அரசும் கூடும் மாநிலக் குழு. சாலை மறியலால் அக்குழுவின் அமைப்பு மாறிவிடவில்லை. சங்கங்களின் சார்பில் அங்குச் செல்வோர் சங்கத் தலைவர்களே. பகல் முழுதும் மலைச்சரிவில் நின்று, மாலையில் அடுப்படிக்குத் திரும்பும் பெண்ணால் அந்தி நேரத்துச் சங்கக் கூட்டத்திற்குச் செல்வது அரிது.