பொம்மையின் முதுகைப் பாருங்கள்

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரில் ஓவிய ஆசிரியையாக இருக்கிறேன். தேவகோட்டையில் அப்பத்தாவின் கண்ணாடி பீரோவில் இருந்த பீங்கான் யசோதையை, போளூர் பஸ்ஸில் மடியிலேயே வைத்து இங்கே கொண்டுவந்தேன். பால் கறக்கும் யசோதை, பசு, அவள் தோளில் சாய்ந்து கிண்ணம் ஏந்தும் கண்ணன், மூவரும் ஒரே பீடத்தில். பீடத்தின் அடியில் ‘மேட் இன் ஜெர்மனி’ என்ற முத்திரை. “நம்ம சாமியை அங்க எதுக்கு டீச்சர் செஞ்சாங்க?” என்றாள் ஒரு மாணவி.

நல்ல கேள்வி. ரவி வர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கியபின் அவர் வரைந்த தெய்வங்கள் வீடுதோறும் வந்தன. அந்த அச்சகத்தில் வேலை பார்த்த ஜெர்மானியர் ஃபிரிட்ஸ் ஷ்லைகர் பின்னாளில் அதை விலைக்கே வாங்கினார். படங்களுக்கு இருந்த கிராக்கியைக் கண்டு, அவற்றைப் பார்த்து ஜெர்மனியில் பீங்கான் பொம்மைகள் செய்து இந்தியாவுக்கு அனுப்பினார்கள். அவர்களுக்கு இது பழகிய தொழில். அங்குள்ள மைசன் பீங்கான் ஆலை 1710லேயே தொடங்கிவிட்டது. 1731இல் அங்கு சேர்ந்த சிற்பி கேண்ட்லரின் காலத்தில், அரச விருந்து மேசைகளில் சர்க்கரைப் பொம்மைகள் நின்ற இடத்துக்குப் பீங்கானில் கிரேக்கத் தெய்வங்கள் வந்தன.

கயோலின் என்ற வெண்களிமண்ணோடு ஃபெல்ட்ஸ்பாரும் குவார்ட்ஸும் கலந்த குழம்பைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றுவார்கள். கை, தலை, கிண்ணம் எல்லாம் தனித்தனியே வார்த்து அதே குழம்பால் ஒட்டப்படும். சூளையில் உருவம் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு சுருங்கும். உள்ளே அடைபட்ட காற்று வெளியேற ஒரு துளை விடுவார்கள். என் யசோதைக்கு அது பீடத்தின் அடியில் இருக்கிறது.

எனக்கு மிகப் பிடித்தது அவளுடைய முதுகுதான். படத்தில் முன்பக்கம் மட்டுமே உண்டு. பின்பக்கத்தைச் சிற்பியே கற்பனை செய்தாக வேண்டும். முன்னால் படத்தில் உள்ளபடியே அமைந்த சேலை, பின்னால் ஐரோப்பியப் பாவாடைபோல விரிகிறது. புடவை கட்டிய பெண்ணை அவர் நேரில் பார்த்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். அந்தத் தடுமாற்றத்தின் மேல் எனக்குப் பெரிய பிரியம்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் இத்தகைய பொம்மைகளைத் தேடிப் பார்க்கலாம். வாங்குமுன் அடியையும் முதுகையும் பாருங்கள். பொன் பூச்சு தேய்ந்திருந்தால் அப்படியே விடுங்கள், மேலே பெயின்ட் அடிக்காதீர்கள். தூசு தட்ட மெல்லிய தூரிகை போதும். எப்போதோ உடைந்து பசையால் ஒட்டிய பொம்மையாக இருந்தால், தண்ணீரில் ஊறவைக்கும்போது அந்தப் பழைய ஒட்டு விட்டு, கண்ணனின் கையோடு கிண்ணமும் கழன்றுவிடலாம்.