எல்லாவற்றையும் சோதித்தல் இயலுமா?

கொதிகலனைக் காத்தல், பம்பியை நிறுத்துதல், அமுக்கம் மிகுந்தால் அபாயச் சங்கை ஒலித்தல் ஆகிய கடமைகளை இன்று தொழிற்சாலைகளிலே கட்டுப்பாட்டுக் கருவிகள் ஏற்றுள்ளன. கருவி தவறினால் உயிர்ச்சேதமும் நேரலாம். ஆகவே பொருத்துமுன் அதனைச் சோதித்தறிதல் இன்றியமையாதது. ஆனால், எத்தனை முறை சோதிப்பது?

ஒரு கருவியில் இருபது ஆளிகள் உள எனக் கொள்வோம். ஒவ்வொன்றும் திறந்தோ மூடியோ இருக்கும். இவற்றாற் பிறக்கும் நிலைகள் 1,048,576. நிமிடத்துக்கு ஒரு சோதனையாக இரவு பகல் ஓயாது செய்யினும் ஏறக்குறைய இரண்டாண்டுகள் கழிந்துவிடும்!

இவ்விடத்திலே கணிதம் கைகொடுக்கின்றது. அமெரிக்க நாட்டு ஆய்வாளர் சிலர் பல்வகைக் கணனி நிரல்களிற் கண்ட பிழைகளை ஆராய்ந்து, 2004ஆம் ஆண்டில் ஒரு முடிபை வெளியிட்டனர். பெரும்பாலான பிழைகள் ஒரு காரணியாலோ, இரண்டு காரணிகள் கூடுவதாலோ விளைகின்றன என்பதே அது. ஆறுக்கு மேற்பட்ட காரணிகள் கூடி விளைந்த பிழை அவர்கள் ஆராய்ந்தவற்றுள் ஒன்றேனும் இல்லை.

ஆயின், ஆளிகளை இரண்டிரண்டாகச் சோதித்தாலே பெரும்பயன் கிட்டுமன்றோ? மூன்று ஆளிகளுக்கு எட்டு நிலைகள் உண்டு. மூன்றும் மூடிய நிலை ஒன்று. ஒன்றை மட்டும் மூடி மற்றை இரண்டையும் திறந்த நிலைகள் மூன்று. இந்நான்கினுள்ளே எவ்விரு ஆளிகளை எடுத்தாலும் அவற்றின் நால்வகைச் சேர்க்கையும் அடங்கும். வாசகர்கள் ஒரு தாளில் எழுதிப் பார்க்கலாம். இம்முறைப்படி இருபது ஆளிகளுக்கு எட்டுச் சோதனைகளே போதும்! உயிராபத்து உள்ளவிடத்து மும்மூன்றாகவும், அதற்கு மேலும் சேர்த்துச் சோதித்தல் வேண்டும். அப்போதும் தொகை இலட்சங்களை எட்டாது.

ஆனால், தெரிந்தெடுத்துக் குறைத்தல் வேறு. தேவையில்லையென விட்டுவிடுதல் வேறு. 1996 யூன் 4ஆந் திகதி தென்னமெரிக்காவின் கூரூ தளத்திலிருந்து எழுந்த ஏரியன் 5 ராக்கெட், நாற்பது வினாடி கழியுமுன்னே சிதறியது. முந்திய ஏரியன் 4 ராக்கெட்டிலே நன்கு இயங்கிய திசையறி கருவியின் நிரலையே இதிலும் அமைத்திருந்தனர். புதிய ராக்கெட்டின் மிகுந்த வேகத்தைக் குறித்த எண் அந்நிரலிலே ஒதுக்கிய இடத்தில் அடங்கவில்லை. புதிய பாதைக்குரிய எண்களைக் கொடுத்து அக்கருவியை நிலத்திலேயே சோதித்திருந்தால் குறை வெளிப்பட்டிருக்கும்.

நேற்று நன்றாக இயங்கியது என்பது இன்றைக்குச் சான்றாகாது. சோதனையின் தொகையைக் கணிதத்தாற் குறைக்கலாம், நம்பிக்கையாற் குறைத்தலாகாது.