பாட்டில் ஏறியும் பட்டினி

சில ஆண்டுகளுக்கு முன் என் மைத்துனருக்கு எறணாகுளத்து மருத்துவமனை ஒன்றில் குடலில் ஆபரேஷன் நடந்தது. வாய்வழியாக எதுவும் கூடாது என்று மூன்று வாரத்துக்கு மேல் இரத்தக்குழாய் வழியாகவே உணவு. பாட்டில் பாட்டிலாக ஏறுகிறதே, சத்துக்கு என்ன குறை என்றுதான் மட்டாஞ்சேரியிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வந்த நாங்கள் நினைத்தோம். ஒரு நாள் காலையில் என்னைப் பார்த்து, "கூட வந்திருக்கிறது யாரு அத்தான்?" என்று கேட்டார். நான் ஒருவன்தான் நின்றிருந்தேன். மாலைக்குள் எந்த ஊரில் இருக்கிறோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை.

வயதும் மயக்க மருந்தும்தான் காரணம் என்றார்கள். இரவுப் பணிக்கு வந்த இளம் டாக்டர் ஒருவர் மட்டும் சார்ட்டை முதல் நாளிலிருந்து புரட்டிப் பார்த்தார். குளுக்கோஸ் உண்டு, புரதம் உண்டு, வைட்டமின் எங்குமே இல்லை. உடனே பி1 என்னும் தயாமினை ஊசி வழியாகச் செலுத்தினார். இரண்டு நாளில் கண் நேரானது. ஞாபகம்தான் முழுதாகத் திரும்பவில்லை.

ரயில்வேக்காரனுக்குப் புரிகிற விதத்தில் சொல்கிறேன். முன்பெல்லாம் ஒற்றைப் பாதையில் டோக்கன் கைக்கு வராமல் டிரைவர் வண்டியை எடுக்க முடியாது. எத்தனை கரி இருந்தும் பயனில்லை. குளுக்கோஸ் முழுதாய் எரிந்து சக்தியாக மாறுவதற்குத் தயாமின்தான் டோக்கன். அது இல்லாவிட்டால் சரக்கு லூப் லைனில் ஒதுங்கி லாக்டிக் அமிலமாகத் தேங்கும். குளுக்கோஸையே நம்பியிருக்கும் மூளை முதலில் தடுமாறும். உடம்பில் இருப்பு சுமார் 30 மில்லிகிராம்தான். இரண்டு மூன்று வாரத்தில் தீரும். குளுக்கோஸ் கூடினால் அதற்குள்ளாகவே தீரும்.

இதைக் குடிகாரர்களின் நோய் என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். 1881-ல் ஜெர்மானிய டாக்டர் கார்ல் வெர்னிக்கே இந்த மூளை நோயை விவரித்தபோது, அவர் கண்ட மூவரில் இருவர் குடிப்பவர்கள்தான். மூன்றாமவர் கந்தக அமிலத்தைக் குடித்துவிட்டு, பிறகு ஓயாமல் வாந்தி எடுத்த இளம் தையல்காரப் பெண். அமெரிக்காவில் 1997-ல் ஊசி வைட்டமினுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, அது இல்லாமல் வாரக்கணக்கில் இரத்தக்குழாய் உணவு பெற்ற நோயாளிகளுக்கு லாக்டிக் அமிலம் ஆபத்தான அளவுக்கு ஏறியது.

நம் பக்கத்துக்கும் இந்தக் கதையில் பங்குண்டு. தயாமினை 1936-ல் செயற்கையாகத் தயாரித்த ராபர்ட் வில்லியம்ஸ், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரில் பிறந்தவர். தீட்டிய பச்சரிசி தின்ற ஆந்திரக் கடலோர மாவட்டங்களில் பெரிபெரி இருந்தது. புழுங்கலரிசி தின்ற நாம் தப்பித்தோம். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. மட்டாஞ்சேரி அரிசிக் கடைகளில் மட்டை அரிசி மூட்டைகளைப் பார்க்கும்போதெல்லாம் இது நினைவுக்கு வருகிறது.

ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் உறவினர்களுக்கு ஒரு வார்த்தை. பாட்டில் மஞ்சளாக இருந்தால் வைட்டமின் சேர்த்திருக்கிறது என்று திருப்திப்பட வேண்டாம். அந்த நிறம் பி2-வினுடையது, பி1-க்கு நிறமில்லை. நோயாளி பல நாள் சாப்பிடாமலோ வாந்தி எடுத்தோ இருந்தால், "பி1 சேர்த்தாயிற்றா, குளுக்கோஸுக்கு முன்பே கொடுத்தீர்களா?" என்று டாக்டரிடம் கேளுங்கள். கண் இரட்டையாகத் தெரிகிறது, நடை தள்ளாடுகிறது, பேச்சு குழம்புகிறது என்றால் காலைவரை பொறுக்காமல் அப்போதே கேளுங்கள். நாங்கள் அன்று மாலைவரை கேட்காமல் இருந்தோம்.